பேட்டரிக்கு ஏற்ற இடம்

ரவுண்டு அண்ணன் என்று சொன்னால் தெருவில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மனிதர் ஒரு சொட்டுக் குடிக்காதவர். உடம்பும் ஒட்டடைக் குச்சிதான். நகரத்தைச் சுற்றிவரும் டவுன் பஸ்ஸை, அந்த வட்டப் பாதையை விட்டு ஒரு முழம் விலகாமல், ஓய்வு பெறும்வரை ஓட்டிய வகையில் வந்த பெயர் அது. காலையில் எந்த டிப்போவிலிருந்து கிளம்பினாரோ அதே டிப்போவுக்கு மாலையில் வந்து சேர்வார். ராத்திரி தன் கட்டிலில், தன் தலையணையில்தான் தூக்கம். "உலகம் உருண்டைன்னு எனக்குத் தெரிஞ்ச மாதிரி எவனுக்கும் தெரியாது" என்று அவரே சொல்லிச் சிரித்ததும் உண்டு.

அப்படிச் சிரித்துக்கொண்டே போயிருந்தால் வம்பில்லை. ஓய்வு பெற்ற அன்று வீட்டில் நடந்த விருந்தில் வாயைக் கொடுத்தார்.

வினையை ஆரம்பித்து வைத்தவன் மச்சினன், அதாவது பெண்டாட்டியின் தம்பி. நாடு முழுக்க லாரி ஓட்டுகிறவன். இலையில் உட்கார்ந்தபடி, வந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "மாமா, நீங்க ஓட்டுன கிலோமீட்டருக்கு இந்நேரம் நிலாவுக்கே போயிட்டுத் திரும்பியிருக்கலாம். நீங்க என்னடான்னா மார்க்கெட்டத் தாண்டல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ரவுண்டு அண்ணனுக்கு ரோஷம் வந்தது.

"பார்த்துக்கிட்டே இரு மாப்ள. ஒரு பழைய லாரிய வாங்கி, உள்ள வீடு மாதிரி கட்டி, உங்கக்காவக் கூட்டிக்கிட்டுப் பனிமலை வரைக்கும் போகல... நான் ஸ்டீரிங்கே பிடிச்சவன் இல்ல!"

அவர் சொன்னது மச்சினனுக்கு. காதில் வாங்கியது பெண்டாட்டி. அவள் தையல்காரி. முன்னறையில் மெஷின் போட்டு, ஊருக்குப் போகிறவர்களுக்கெல்லாம் கம்பளிக் கோட்டுக்குக் கை சுருக்கிக் கொடுத்து, ஸ்வெட்டருக்கு ஜிப் மாற்றிக் கொடுத்து, அதைப் போட்டுக்கொண்டு அவர்கள் பனியில் நின்று எடுத்த படங்களைப் பார்த்தே இத்தனை வருஷம் கழித்தவள். பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"நெசமாவாங்க?"

அந்த முகத்தைப் பார்த்து எந்தப் புருஷன் 'சும்மா சொன்னேன்' என்று சொல்லுவான்? "பின்ன?" என்றார். ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் வால் அந்த நிமிஷத்தில்தான் சிக்கியது.

லாரி வந்தது. பின்னால் நாலு பக்கமும் தகரம் அடித்து மூடிய பார்சல் லாரி. வீட்டுக்குப் பக்கவாட்டுச் சந்தில் அதை ரிவர்ஸில் விட்டு, ஒரே மூச்சில் நிறுத்தினார். அந்த அழகைப் பார்க்கத் தெருவே கூடியது. வண்டி ஓட்டத் தெரியாது என்று அவரை யாரும் சொல்ல முடியாது. வேலையும் மளமளவென்று நடந்தது. கட்டில் முடிந்தது, அடுப்பு மேடை முடிந்தது, அலமாரி முடிந்தது, தண்ணீர் டேங்க் ஏறியது. பாக்கி இரண்டே இரண்டு சாமான். உள்ளே விளக்கு எரிய, ஃபேன் சுற்ற இரண்டு பெரிய பேட்டரி. குளிரில் பல் கிட்டாமலிருக்க ஒரு டீசல் ஹீட்டர். பார்த்தால் ஒரு ரொட்டிப் பாக்கெட் அளவுதான், ஆனால் அந்தப் பெட்டியறை முழுவதையும் கதகதப்பாக்கிவிடுமாம்.

இந்த இரண்டையும் எங்கே வைப்பது? அங்கேதான் வண்டி நின்றது. ஒரு வருஷம் ஆகியும் நின்ற இடத்திலேயே நின்றது.

முதலில் பேட்டரியைக் கட்டிலுக்கடியில் வைத்தார். எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன், தெருவுக்கு 'கரண்டு', வந்து பார்த்துவிட்டு, "சார்ஜ் ஏறும்போது வாயு வரும்ணே, தலைமாட்டுல வெச்சுட்டுத் தூங்குவீங்களா?" என்றான். எடுத்தார். இடது பக்கச் சுவரோரம் வைத்தார். வண்டி இடது பக்கம் சாய்கிறது என்றார். யார் கண்ணுக்கும் சாயவில்லை. அவர் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்து, "பாரு, பாரு" என்றார். வலது பக்கம் மாற்றினார். அங்கே தண்ணீர் டேங்க் இருக்கிறது, இரண்டு கனமும் ஒரே பக்கம் ஆகிவிட்டது. சரி, டேங்கை மாற்று. டேங்கை மாற்றினால் ஹீட்டர் இடிக்கிறது. ஹீட்டரைக் கட்டில் பக்கம் கொண்டுபோனால் விசிறிச் சத்தத்தில் தூக்கம் வராது. கதவு பக்கம் கொண்டுபோனால் புகைக்குழாய் கதவுக்குக் கீழே வருகிறது, புகை உள்ளே வந்துவிடும். பேட்டரி பக்கத்தில் வைத்தால் சூட்டில் பேட்டரி கெட்டுவிடும். ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். ஒன்றைக்கூட மறுத்துப் பேச முடியாது. அதுதான் விசேஷம்.

ஒரு பேட்டரியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் அவள். ஒவ்வொரு தடவையும் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, மூச்சுப் பிடித்துத் தூக்கிவைப்பாள். வைத்துவிட்டு, "இதாங்க சரியான எடம். இனிமே மாத்த வேணாம்" என்பாள். அடுத்த வாரம் மறுபடி கூப்பிடுவார்.

"அண்ணே, பொண்ணு வீட்டுக்காரன்கூட இத்தன எடம் பார்க்க மாட்டான்" என்று கரண்டு அலுத்துக்கொண்டான்.

"அவசரப்பட்டு வெச்சு நடுவழியில நின்னா நீயா வருவ? இது வீடுடா, வெளையாட்டா?"

வெளியில் இப்படி வீறாப்பு. உள்ளே என்னவென்று அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரே ஒரு தடவை, பஸ் ஓட்டிய காலத்தில், ஸ்பெஷல் டியூட்டி என்று வெளியூருக்கு ஒரு வண்டியைக் கொடுத்து அனுப்பினார்கள். ஊர் முடிந்து, நேராக ஒரு ரோடு நீண்டு கிடந்தது. வட்டத்தில் போனால் ஒவ்வொரு ஸ்டாப்பும் வீட்டை நோக்கித்தான். பாதித் தூரம் விலகினால் மீதிப் பாதி நெருங்கும். இந்த ரோட்டில் அப்படி இல்லை. போகப் போகத் தள்ளித்தான் போகிறோம். நெஞ்சு அடைத்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. வண்டியை ஓரங்கட்டி, வயிற்று வலி என்று சொல்லி, வேறு டிரைவரை வரவழைத்து, எதிரே வந்த வண்டியில் ஏறி வீட்டுக்கு ஓடி வந்தார். ஒரு ஆம்பளை, அதிலும் டிரைவர், ரோட்டைப் பார்த்துப் பயந்தான் என்று எந்த வாயால் சொல்வது? பெண்டாட்டியிடம்கூட அன்றைக்கு வயிற்று வலிதான். அவளும் கஷாயம் போட்டுக் கொடுத்தாள்.

ஆக, பேட்டரிக்கு இடம் கிடைக்காத வரைக்கும் அவருக்கு இடம் உண்டு. கிடைத்துவிட்டால் கிளம்ப வேண்டும்.

இதில் இன்னொரு கூத்து. பஸ் டிரைவர் கட்டிய வீடு அல்லவா? எல்லா சுவிட்சையும் கொண்டுபோய் முன்னால் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். பின்னறை விளக்குக்கு அங்கேதான் சுவிட்ச், ஹீட்டருக்கும் அங்கேதான். பக்கவாட்டுக் கதவு, கழித்துப்போட்ட பஸ் ஒன்றிலிருந்து கழற்றியது. டிரைவர் லீவரைத் தட்டினால் 'புஸ்' என்று திறக்கும், மறுபடி தட்டினால் 'புஸ்' என்று மூடும். உள்ளே கைப்பிடியே கிடையாது. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே முழுத் தகரம்.

"உள்ள இருக்கறவங்க எப்படிண்ணே தொறக்கறது?" என்று கரண்டு கேட்டான்.

"பயணி கையில கதவக் குடுத்தா ஓடுற வண்டியிலேர்ந்து குதிப்பான். என் சர்வீஸ்ல ஒருத்தனக் குதிக்க விட்டிருக்கேனா?"

"இதுல யாருண்ணே பயணி?"

தான் பின்னால் உட்காருவோம் என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை. இருந்தாலும் சட்டம் சட்டம்தான்: பஸ் என்றால் அவசர வழி வேண்டும் என்று பின்சுவரில் ஒரு சின்னக் கதவு வெட்டினார். உள்ளேயிருந்தே திறக்கிற கதவு. நல்லதுதான். ஆனால் கடைசியாக ஒரு சாக்கு தேவைப்பட்டபோது, "கனம் பின்னாடி இருந்தாத்தான் ஏத்தத்துல டயர் பிடிக்கும்" என்று சொல்லி, பேட்டரிப் பெட்டியை அந்தக் கதவுக்கு முன்னால் வைத்து, தரையோடு போல்ட் போட்டு முடுக்கிவிட்டார். ஜன்னல்களுக்கோ திருட்டுப் பயத்தில் கம்பி.

இப்படியிருக்கும்போது ஒரு நாள் காலையில் அவள் காப்பியைக் கொடுத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்: "வீட்டுக்கு ஆள் பார்த்துட்டேன். மருந்துக் கடைக்காரரும் அவர் சம்சாரமும். வெள்ளிக்கிழமை சாமான் ஏத்திட்டு வர்றாங்க. பின்னால இருக்கற சின்ன ரூம மட்டும் நம்ம பொருள் போட வெச்சுக்கிட்டேன்."

"இந்த வெள்ளியா?"

"எந்த வெள்ளின்னு வெச்சுக்கணும்? பேட்டரிதான் வெச்சாச்சே."

"ஹீட்டர் இன்னும்..."

"ஹீட்டரும் வெச்சாச்சு. நேத்துக் கரண்டு தம்பி வந்து போட்டுக் காட்டுச்சு. நல்லா எரியுது."

ரவுண்டு அண்ணன் காப்பியைக் குடித்து முடித்தார். "ஒரு கிளாம்பு லூசா இருக்கு. கடைக்குப் போய் வாங்கிட்டு வர்றேன், மத்தியானம் ஆகும்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வழியாகப் போனார். தெரு முனைவரை போனார். போனவர் பின்சந்து வழியாகத் திரும்பி வந்து, முன்சீட்டில் ஏறி லீவரைத் தட்டிப் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கையில் ஸ்பானரோடு உள்ளே ஏறினார். தெரு பார்த்தது. தெருவுக்குக் கண்ணா இல்லை?

கெட்ட எண்ணம்தான். ஹீட்டரின் வெப்பக் காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு, பேட்டரி முனையையும் தளர்த்திவிட்டால், 'பார்த்தியா, ஒழுங்கா வேலை செய்யல' என்று இன்னும் ஒரு மாசம் ஓட்டலாம். குழாய் உடனே வந்துவிட்டது. பேட்டரி முனைக்கு ஸ்பானரைப் போட்டார். அசையவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு மண்டியிட்டு மூச்சுப் பிடித்தார். ம்ஹூம். இவ்வளவு இறுக்கமாக நாம் முடுக்கவில்லையே என்று யோசித்தார். பிறகுதான் உறைத்தது. ஒவ்வொரு தடவையும் அவர் கை கழுவப் போன பிறகு, அவள் வந்து எல்லா நட்டையும் இன்னொரு சுற்று முடுக்கிவிட்டுப் போவாள். தையல்காரி கை, முடிச்சுப் போட்டால் கத்திரிதான் வேண்டும்.

அப்போது வெளியே பேச்சுச் சத்தம். அவள் குரல், மச்சினன் குரல். முன்கதவு திறந்தது. இரண்டு பேர் ஏறி உட்கார்ந்ததில் வண்டி லேசாக அசைந்தது.

கூப்பிட்டிருக்கலாம். 'நான் உள்ளே இருக்கிறேன்' என்று ஒரு வார்த்தை. ஆனால் கடைக்குப் போன மனிதர் கையில் ஸ்பானரோடு, கழற்றின குழாயோடு எப்படிக் குரல் கொடுப்பது? திருடனுக்குத் தேள் கொட்டியது போல வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். இறங்கிவிடுவார்கள், இறங்கியதும் நழுவலாம் என்பது கணக்கு.

'புஸ்' என்றது. கதவு மூடிக்கொண்டது. என்ஜின் உறுமியது.

மச்சினன்தான் ஓட்டுகிறான் என்று அவர் நினைத்தார். கியர் விழுந்த விதத்தில் சந்தேகம் வந்தது. லாரிக்காரன் கை இப்படித் தயங்காது. அவளா? ஆமாம், அவள்தான். சாயங்கால வேளையில் கோடவுன் மைதானத்தில் தம்பியிடம் வண்டி பழகி, லைசென்ஸும் வாங்கிவிட்டாள். தெரு முழுக்கத் தெரிந்த சேதி. கட்டினவருக்கு மட்டும் தெரியாது. அது என்ன, புதிதா? பல வீட்டுச் சங்கதி அப்படித்தான். அவர் வர மத்தியானம் ஆகும் என்ற தைரியத்தில், வெள்ளிக்கு முன்னால் ரோட்டில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கக் கிளம்பியிருந்தாள்.

ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தார். அவருடைய ஸ்டாப்புகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மார்க்கெட். பக்கவாட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது எல்லாம் வேறு ஊர் மாதிரி இருந்தது. கால் தானாகப் பிரேக்கைத் தேடியது, தரைதான் இருந்தது. மேம்பாலத்துக்கு முன்னால் வட்டப் பாதை வலது பக்கம் திரும்பும். 'திரும்பு' என்று மனசுக்குள் சொன்னார். வண்டி திரும்பவில்லை. நேரே போனது.

அதே சமயம் முன்னால் அவள் ஆசையாகத் தம்பியிடம், "இந்தா பாரு, இதத் தட்டுனா பின்னாடி ரூமே கதகதன்னு ஆயிடும்" என்று ஹீட்டர் சுவிட்சைத் தட்டினாளாம். அது மச்சினன் பிறகு சொல்லித் தெரிந்தது. பின்னால் இருந்தவருக்குத் தெரிந்ததெல்லாம், அவரே கழற்றிவிட்ட குழாயிலிருந்து நேராக முகத்தில் வந்து அறைந்த அனல்தான். குழாயைத் திரும்ப மாட்டப் பார்த்தார். அவசரத்தில் கிளாம்பு எங்கேயோ உருண்டு போயிற்று. இந்தப் பக்கம் நகர்ந்தார், அந்தப் பக்கம் நகர்ந்தார். அறை எவ்வளவு சின்னது என்பது கட்டினவருக்கு இப்போதுதான் தெரிந்தது. பேட்டரியைக் கழற்றினால் ஹீட்டர் அணையும், நட்டு அசையாது. கதவுக்குக் கைப்பிடி இல்லை. அவசர வழிக்கு முன்னால் பேட்டரிப் பெட்டி, அவர் கையால் முடுக்கிய போல்ட்டோடு, மாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

வெளியே வீடுகள் குறைந்தன. கடைகள் நின்றுபோயின. ரோடு நீண்டது. நெஞ்சு அடைத்தது. அன்றைக்காவது ஸ்டீரிங் கையில் இருந்தது, ஓரங்கட்ட முடிந்தது. இன்றைக்கு அவர் ஒரு மூட்டை. மானம் மரியாதையெல்லாம் விட்டு நடுத் தகரத்தை இரண்டு கையாலும் அடித்தார். "நிறுத்து! ஏம்மா, நிறுத்தும்மா!" என்ஜின் சத்தத்தில் அது எங்கே கேட்கும்? பழைய லாரிக்கு ஆயிரம் தடதடப்பு. அதில் இதுவும் ஒன்று.

எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. தரையில் படுத்து, கதவின் கீழ் இடுக்கில் மூக்கை வைத்து, அதன் வழியாக வந்த ஒரு கோடு குளிர்காற்றை இழுத்துக்கொண்டு கிடந்தார். கடைசியில் வண்டி வேகம் குறைந்து, ஒரு டீசல் பங்க் ஓரத்தில் நின்றது. 'புஸ்'.

"உள்ள ஏறிப் பாருடா, எப்படி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள், கதவடியில் கிடந்த புருஷனைப் பார்த்து வாயில் கை வைத்தாள்.

மச்சினன் எட்டிப் பார்த்தான். "மாமா! கிளாம்புக் கடை இங்கயா இருக்கு?"

பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான். இரண்டு பேரும் கைத்தாங்கலாக இறக்கிப் படிக்கட்டில் உட்காரவைத்தார்கள். தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். அவள் கண் உள்ளே போனது. கழற்றின குழாய். தரையில் ஸ்பானர். பேட்டரி முனையில் புதிதாக விழுந்த கீறல்.

"தம்பி, நீ போய் டீ சொல்லு" என்றாள். அவன் நின்றான். "போடான்னா!" போனான்.

முந்தானையால் அவர் கழுத்தைத் துடைத்தாள். துடைக்கிற வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

"பேட்டரிய எங்க வெச்சா உங்களுக்குச் சரிப்படும்? இன்னிக்கே சொல்லிடுங்க. வெச்சுடலாம்."

அவர் ரோட்டைப் பார்த்தார். இரண்டு பக்கமும் முடிவில்லாமல் கிடந்தது. உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க வெச்சாலும் சரிப்படாதும்மா."

"ஏன்?"

"எனக்குப் பயம்."

"எதுக்குப் பயம்?"

"இதுக்குத்தான்." ரோட்டைக் கையால் காட்டினார். "ஊரத் தாண்டுனா மூச்சு முட்டுது. செத்துடுவேன் போல இருக்கு. அன்னிக்கு ஸ்பெஷல் டியூட்டிக்குப் போய்த் திரும்பி வந்தேனே, அது வயித்து வலி இல்ல."

அவள் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "அதுக்கு நான் ஓமம் வறுத்துக் கஷாயம் போட்டேன்."

"குடிச்சேனே."

"சிரிக்காதீங்க."

"நான் எங்க சிரிக்கறேன்?"

அவள் எழுந்து நாலடி தள்ளிப் போய் நின்றாள். திரும்பி வந்தாள். "பயம்னா தப்பா? அத மொதல்லயே சொல்லியிருந்தா நான் என்ன அடிச்சா போட்டிருப்பேன்? வருஷம் பூரா அந்தக் கல்லுப் பேட்டரிய ஒரு பக்கம் நான் தூக்கினேன். ஒவ்வொரு தடவையும், இதோட முடிஞ்சுது, அடுத்த வாரம் கெளம்பிடலாம்னு நெனச்சுத் தூக்கினேன். இடுப்பு வலியில ராத்திரி திரும்பிப் படுக்க முடியாது எனக்கு. நீங்க பக்கத்துல படுத்துக்கிட்டு, அடுத்தது எங்க வெக்கலாம்னு யோசிச்சிருக்கீங்க."

உள்ளே அடைபட்டுக் கிடந்தபோது பட்ட அவஸ்தையே பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது.

"மருந்துக் கடைக்காரர வேணாம்னு சொல்லிடலாமா?" என்று மெல்லக் கேட்டார்.

"அவங்க வரட்டும்."

"அப்ப நான்..."

"நான் போறேன்" என்றாள். "நீங்க வந்தா சந்தோஷம். வரலேன்னாலும் போறேன். தம்பி பொண்டாட்டி கூப்பிட்டா குதிச்சுக்கிட்டு வருவா. புருஷன் மட்டும் ஊர் ஊராச் சுத்தறான்னு அவளுக்கு ஆறாத எரிச்சல்."

ரவுண்டு அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். தான் இல்லாமல் அந்த வண்டி நகரும் என்பதை அவர் ஒரு நாளும் நினைத்தவரில்லை. அந்த நினைப்பில் ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. அடுத்த நிமிஷமே, வேறொரு இடத்தில், அதைவிட மோசமாக அடைத்துக்கொண்டது.

திரும்பும்போது கேபினில் நடுவில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டே வந்தார். மச்சினன் ஒரு வார்த்தை கிண்டல் பண்ணவில்லை. அவனால் முடிகிற பெரிய தியாகம் அது. மேம்பாலம் வந்ததும் "வந்துடுச்சு, தொறங்க" என்று மட்டும் அவள் சொன்னாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் தெருவால் இன்றுவரை ஜீரணிக்க முடியாதது. வருஷம் முழுக்க முடியாத வேலையை மறுநாள் ஒரே பகலில் முடித்தார் மனிதர். பேட்டரிப் பெட்டியை அவசர வழியிலிருந்து பெயர்த்து, நடுவில், இரண்டு அச்சுக்கும் இடையில், உட்காரும் பலகைக்கு அடியில் இறக்கினார். தூக்க அவளைக் கூப்பிடவில்லை, கரண்டைக் கூப்பிட்டார். பெட்டிக்கு மூடி போட்டு, வாயு வெளியே போகத் தரை வழியாகக் குழாய் விட்டார். ஹீட்டரை எதிர்மூலையில், கதவுக்கும் ஜன்னலுக்கும் தள்ளி வைத்து, புகைக்குழாயை வண்டியின் மறுபக்கம் திருப்பினார். புகை கசிந்தால் கத்துகிற சின்னக் கருவி ஒன்றைத் தலைமாட்டில் மாட்டினார். எல்லா சுவிட்சுக்கும் உள்ளேயும் ஒரு ஜோடி. கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி. நடுத் தகரத்தில், ஆள் முகம் தெரிகிற அளவுக்கு ஒரு ஓட்டை வெட்டி, விளிம்பு கையைக் கிழிக்காமலிருக்க ரப்பர் ஒட்டினார். கிண்ணத்தில் தண்ணீர் வைத்துப் பார்த்தார். ஒரு சொட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாயவில்லை.

"இவ்வளவு நாளா இந்த எடம் உங்க கண்ணுல படலியாண்ணே?" என்று கரண்டு கேட்டான்.

"பட்டுச்சு" என்றார்.

"அப்புறம்?"

"எனக்கு ஊரத் தாண்டப் பயம். அதான்."

கரண்டு ஸ்பானரைக் கீழே வைத்தான். இவர் இப்படித் தேங்காய் உடைத்த மாதிரி சொன்னால் அடுத்து என்ன கேட்பது? அன்று சாயங்காலத்துக்குள் வீடு வீடாகச் சேதி போய்விட்டது, ஆனால் ருசியில்லை. மூடி வைத்திருந்த வரைக்கும்தான் அது தெருவின் சொத்து. 'ஆமா, பயம்தான்' என்று வாசலில் நின்று ஒருவர் சொல்லிவிட்டால், அதற்குக் கை கால் வைக்க வழி ஏது?

வெள்ளிக்கிழமை ஒரு பக்கம் மருந்துக் கடைக்காரரின் சாமான் இறங்கியது, இன்னொரு பக்கம் லாரியில் ஏறியது. தையல் மெஷினை மட்டும் அவள் விட்டுப் போகவில்லை. அதற்கும் ஒரு மூலை ஒதுக்கியிருந்தார். அவர் வராவிட்டால் படுக்க, பின்னால் இருந்த சின்ன ரூமில் ஒரு கட்டில் கிடந்தது. தம்பி பெண்டாட்டி புதுச் செருப்போடு வந்து இறங்கி, "அண்ணி, நான் ஜன்னல் பக்கம்" என்று இப்போதே இடம் பிடித்தாள். மச்சினன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "சாப்பாட்டுக்கு நான் என்ன பண்றது?" என்று கேட்டதற்கு, "லாரிக்காரனுக்கு ஓட்டலா இல்ல?" என்று பதில் வந்தது.

அவள் புருஷனிடம் வந்தாள். "கடைசியாக் கேக்கறேன். வர்றீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். 'வர்றேன்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்ததைப் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். தெருவின் முனையையும், அதற்கப்பால் ரோடு வளைகிற இடத்தையும் பார்த்தார்.

"தண்ணி டேங்க் நெரப்பிட்டேன்" என்றார். "ஹீட்டர அணைச்சதும் ஒடனே பேட்டரியக் கழட்டிடாத. விசிறி தானா நிக்கணும்."

"ம்."

"எறக்கத்துல கியர்லயே வா. பிரேக்க மிதிச்சுக்கிட்டே வராத."

"ம்" என்றாள் அவள். அவருடைய சட்டைப் பொத்தான் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. இடுப்பிலிருந்து ஊசி நூலை எடுத்து, நின்ற நிலையிலேயே தைத்து, பல்லால் நூலைக் கடித்தாள். தெருவில் இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று கூச்சப்படவில்லை. அப்புறம் ஏறி உட்கார்ந்தாள்.

சந்திலிருந்து லாரி வெளியே வர இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம்தான். அவர் முன்னால் பின்னோக்கி நடந்தபடி, இரண்டு கையையும் தூக்கி, "வா, வா, வா... கொஞ்சம் ஒடி... நேராக்கு... வா" என்று அழைத்தார். தெருவுக்குள் முழு வண்டியும் வந்து நேரானதும் ஓரமாக ஒதுங்கி, வண்டியின் பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். லாரி கியர் மாறிப் புறப்பட்டது. அவர் கை, தட்டிய இடம் நகர்ந்து போன பிறகும், அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

அழுவார் என்று தெரு காத்திருந்தது. உண்மையைச் சொன்னால், அதற்காகத்தான் பாதிப் பேர் நின்றார்கள். அவர் அழவில்லை. வெறும் சந்தைப் பார்த்தார். அது இவ்வளவு அகலமா என்று அவர் முகம் கேட்டது.

உள்ளேயிருந்து மருந்துக் கடைக்காரரின் மனைவி வந்தாள். கையில் புதுப் பூட்டு. "கேட்டைப் பூட்டிடலாமாங்க? சாமான் எல்லாம் வாசல்லயே கெடக்கு."

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும்மா."

"யாராவது வரணுமா?"

ரவுண்டு அண்ணன் தெரு முனையையே பார்த்தார். கேட்டின் கம்பியை ஒரு கை பிடித்திருந்தது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் தெருவில்.

"இல்ல" என்றார். "யாராவது போகணுமான்னு பார்க்கறேன்."